முட்டி மடங்கலாம், முதுகு?

தெருப் பெருக்கும் மாநகராட்சித் தொழிலாளர் கையில் இருக்கும் துடைப்பத்துக்கு ஆளுயரக் கம்பு உண்டு. வீட்டுக்குள் புழங்கும் தென்னந்துடைப்பத்துக்குக் கம்பே கிடையாது. அடிக்கட்டைப் பிடித்துக் குனிந்துதான் பெருக்க வேண்டும். கோலம் போடுவது, நாற்று நடுவது, பத்துப் பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது என்று பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட வேலைகளில் பெரும்பாலானவை தரைமட்டத்தில்தான் நடக்கின்றன. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் குனிந்த முதுகுகள்தான் கண்ணில் படும்.

அந்த முதுகுகளை மேடைக்குக் கொண்டு வந்தவர் நடனக் கலைஞர் சந்திரலேகா. மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து பரதம் கற்று, பெசன்ட் நகர் கடற்கரையோரம் வாழ்ந்தவர். 1991இல் அவர் அமைத்த ‘ஸ்ரீ’யில் பெண்கள் வரிசையாக, முதுகை வளைத்தபடி மேடையைக் கடக்கிறார்கள். மெதுவாக, மிக மெதுவாக. கொடுமைக்கார மாமியாரோ குடிகாரக் கணவனோ அங்கே தேவைப்படவில்லை. வளைந்த முதுகே போதுமானதாக இருக்கிறது.

பரதம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி கூடுதலாக வலிக்கும். அரைமண்டியில் உட்காரச் சொல்லும்போதே ஆசிரியர் முதுகைத்தான் முதலில் தட்டி நிமிர்த்துவார். முட்டிகள் பக்கவாட்டில் விரிந்து மடங்க, உடல் கீழே இறங்கும்; முதுகுத்தண்டு மட்டும் தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக நிற்கும். அந்தப் பயிற்சியில் வளர்ந்த ஒருவர், நிமிர்ந்தே பழகிய தண்டை மேடையில் வளைத்துக் காட்டுகிறார் என்றால், தன் கலை இத்தனை நாள் எதைக் காட்டாமல் விட்டது என்று அவர் யோசித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

அந்த யோசனை தொடங்கிய மாலை ஒன்று உண்டு. 1952இல் நடந்த அவருடைய அரங்கேற்றம். குரு காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாகவே அது அமைந்தது. சந்திரலேகா ‘மதுர நகரிலோ’ ஆடிக்கொண்டிருந்தார். யமுனை, தோழியர், நீர் விளையாட்டு. அள்ளி இறைக்கவும் மூழ்கி எழவும் முத்திரைகளுக்குத் தண்ணீர் பஞ்சமே இல்லை. பாதிப் பாட்டில் அவர் உறைந்துபோனார். எந்த மக்களுக்காக ஆடுகிறாரோ அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. பத்திரிகைகளில் பார்த்த படங்கள், வெடித்த நிலமும் தகரக் குவளைகளோடு நீண்ட வரிசையில் நின்றவர்களும், மேடையிலேயே அவர் கண்முன் வந்தன. ஆட்டத்தை முடித்தார். ஆனால் கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருந்த அந்தப் பிளவு அதற்குப் பிறகு அவரை விடவே இல்லை. பின்னாளில் இதை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

நம் நடன வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் கணம் இது. அரங்கேற்றம் என்பது பொதுவாக ஒரு வெற்றி விழா. பட்டுப்புடவையும் பூமாலையும் குருதட்சணையுமாக முடிந்துவிடும். அந்த நாளிலேயே ஓர் இளம்பெண்ணுக்குத் தன் கைகள் காட்டும் தண்ணீர் மேல் சந்தேகம் வந்திருக்கிறது. கலையை உதறிவிட்டு ஓடாமல், அந்தச் சந்தேகத்தைப் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறார். நடுவில் மேடையை விட்டு வெகுகாலம் விலகி, எழுத்து, சுவரொட்டி, பெண்ணுரிமைப் பணி என்று இருந்தார். 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பியபோது பரதமும் களரியும் யோகமும் ஒரே மேடையில் நின்றன. தெய்வக் கதைகள் இல்லை, நாயகனுக்காக ஏங்கும் நாயகியும் இல்லை.

நாயகன் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. பரதத்தில் அபிநயத்தோடு ஆடும் பதங்களில் நாயகி கெஞ்சுகிறாள், கோபிக்கிறாள், கதவைச் சாத்துகிறாள். க்ஷேத்ரய்யாவின் பதங்களிலோ அவள் கேலியும் பேரமும் பேசுவாள். ஆனால் அவளை இத்தனை பாடு படுத்துகிற அந்த ஆண் மேடைக்கு வருவதே இல்லை. அவனுக்கு எடை இல்லை, வியர்வை இல்லை, பதில் சொல்லும் கட்டாயமும் இல்லை. பாலசரஸ்வதி போன்ற நடன மேதைகள் அந்த வெற்றிடத்தையே நிரப்பிக் காட்டினார்கள். அது வேறு உயரம். சந்திரலேகா அந்த ஆணை உடம்போடு அழைத்து வந்து பெண்ணுக்கு எதிரே நிறுத்தினார். 2001இல் வந்த அவருடைய கடைசிப் படைப்பான ‘சரீர’வில் இருவர்தான்: கவிஞர் திஷானி தோஷி, களரிக் கலைஞர் ஷாஜி ஜான். குந்தேச்சா சகோதரர்கள் துருபத் பாட, உடல்கள் மெல்ல மெல்ல அசைகின்றன. அங்கே இடத்தைத் தனதாக்கிக்கொள்வது பெண். அவளை நோக்கி வருவது ஆண். யார் யாரை ஆள்கிறார் என்ற கேள்வியே கரைந்துபோகும் அளவுக்கு அந்த நிதானம் நீள்கிறது.

சந்திரலேகா நன்கு அறிந்த ஜெர்மானிய நடன மேதை பீனா பௌஷ், இதே விஷயத்தை வேறு வழியில் தொட்டார். 1978இல் வுப்பர்தால் நகரில் அவர் அமைத்த ‘கோன்டாக்ட்ஹோஃப்’ பழைய நடனக்கூடம் ஒன்றில் நடக்கிறது. ஆண்கள் பலர் ஒரு பெண்ணைச் சூழ்ந்து நின்று ஆறுதல்போலத் தொடுகிறார்கள். கன்னம், மூக்கு, தோள். கைகள் கூடக் கூட அதே தொடுகை தாங்க முடியாத வன்முறையாகிவிடுகிறது. எந்த நொடியில் மாறியது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. பேருந்து நெரிசலில் நின்று வந்த எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 2000இல் அதே படைப்பை 65 வயது கடந்த சாதாரண மனிதர்களை வைத்தும், 2008இல் பதின்பருவத்தினரை வைத்தும் பௌஷ் மறுபடி மேடையேற்றினார். காலம் கடந்தும் அது தேயவில்லை.

பௌஷின் படைப்புகளை அவர் மறைந்த பிறகும் அவருடைய குழு தொடர்ந்து ஆடிவருகிறது. வுப்பர்தால் அதைத் தன் சொத்தாகக் கருதுகிறது. சென்னைக்கு அந்த அக்கறை வர வேண்டும். ‘ஸ்ரீ’யின் முடிவில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று பல கைகள் கொண்ட ஒரே உருவமாக நிமிர்கிறார்கள். குனிந்து தொடங்கியவர்களின் அந்த நிமிர்வை இன்று நடனம் பயிலும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆண்டுதோறும் டிசம்பரில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் நடத்தும் ஊர் இது. சந்திரலேகா பிறந்தது 1928 டிசம்பர் 6. மறைந்தது 2006 டிசம்பர் 30. வரும் 2028 அவருடைய நூற்றாண்டு. சபாக்களும் நடனப் பள்ளிகளும் இப்போதே உட்கார்ந்து பேசி, அந்த டிசம்பரில் ‘ஸ்ரீ’யை மறுபடி மேடையேற்ற வேண்டும்.