செருப்புப் போட்டு மாவரைத்தோம்

எங்கள் வீட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். நான் அரிசியைப் போடப் போனால், "செருப்பைப் போட்டுக்கம்மா, சுருசுருங்குது" என்று அத்தை கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார். ஷாக் அடிக்கிற மெஷினைப் பழுது பார்க்காமல் செருப்பு வாங்கி வைத்த புத்திசாலிகள் நாங்கள்!

கும்பகோணத்தில் மாமனார் 1961-ல் கட்டிய வீடு. மரப்பட்டை மேல் ஓடும் பழைய வயரிங். 2018-ல் துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டோம். தண்ணீர் தெளிவாக வந்தது. அதுவரை வருஷக்கணக்காக வெறுங்காலோடு மாவரைத்த அத்தைக்கு, அதற்குப் பிறகுதான் செருப்பு தேவைப்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். என் நாலு வயது மகள் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்து ஃப்ரிஜ்ஜைத் திறந்தாள். ஒரே அலறல்! நல்லவேளை, கை ஒட்டிக்கொள்ளாமல் பின்னால் விழுந்தாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் ஃப்ரிஜ் மெக்கானிக் வந்தார். தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அப்போது கிரைண்டர் ஓடவில்லையே!

மாமனார் காலத்துப் பழக்கமான எலக்ட்ரீஷியன் பெரியவரைக் கூப்பிட்டோம். டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை பேஸிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது வயரை மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு மாற்றினார். மினுக்கென்றுகூட எரியவில்லை. (இதையெல்லாம் நாமே செய்து பார்க்கக் கூடாது.) "எர்த் செத்துப் போச்சும்மா" என்றபடி, எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போனார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்தது போல, பூமிக்குள் போகும் இரும்புத் தண்ணீர்க் குழாயில்தான் எங்கள் வீட்டு எர்த்தையும் கட்டியிருந்தார்கள். குழாய் மாற்றியவர் அந்தக் கம்பியை அக்கறையாகப் பிளாஸ்டிக் குழாயிலேயே சுற்றி வைத்திருந்தார்!

கிரைண்டரில் கசிந்த கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல், எல்லா மெஷினையும் இணைக்கும் எர்த் வயர் வழியாக ஃப்ரிஜ்ஜுக்கு வந்து, என் குழந்தையின் ஈரக்கால் வழியாகத் தரைக்குப் போயிருக்கிறது. நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

"அப்படின்னா ப்யூஸ் போயிருக்கணுமே?" என்று இவர் கேட்டார். ப்யூஸ் வயர் தீப்பிடிக்காமல் காக்கத்தானாம். எங்கள் வீட்டில் இருந்தது 15 ஆம்பியர் ப்யூஸ். மனுஷ உயிர் போக அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாமாம்.

கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, கல்லுப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்பதால், வெயில் காலத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மெயின் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. என்ற சின்னப் பெட்டியும் வந்தது. 0.03 ஆம்பியர் கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் கரண்டை நிறுத்திவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன்.

வெறும் குழி போதாதா, பெட்டி வேறு எதற்கு என்று நானும் செலவைப் பார்த்து முனகினேன். பெட்டி வந்த அன்றே, பழைய கிரைண்டரைப் போட்டதும் 'டக்' என்று வீடே இருண்டது. மோட்டாரைத் திறந்தால், உள்ளே வயர் தோல் உரிந்து, உடம்போடு உரசிக்கொண்டிருந்தது.

இப்போது சுருசுரு இல்லை. அத்தை மட்டும் இன்னும் செருப்பை விடவில்லை. நானும் கழற்றச் சொல்வதில்லை.