றிஸ்வான்ட உம்மாட பேர் என்ன?

கதை எழுதிப் பழகுற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் வரும் சிக்கல் இது. கதை கிடைச்சிருக்கும், முடிவும் தெரியும், ஆனா கதாபாத்திரத்துக்குப் பேர் இருக்காது. ஆம்பிளைப் பாத்திரம் எண்டா அஞ்சு நிமிசத்தில் வேலை முடிஞ்சிரும். பெண் எண்டா, அதுவும் எங்கட ஊர்ப் பக்கத்துப் பெண் எண்டா, அது லேசில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதுற ஒரு கதைக்காக ரெண்டு கிழமை இதையே பேசியிருக்கிறோம்.

கதை சுருக்கமா இதுதான். மருதமுனையில் அறுபது வயசு தாண்டிய ஒரு பெண். இளமையில் தறியில் இருந்து சாரன் நெய்தவ. புருசன் மௌத்தாகிட்டார். மூணு புள்ளைகளும் ஆம்பிளைகள், மூத்தவன் கட்டார்ல. அவ இருக்கிற வீடு அவட கலியாணத்துக்கு வாப்பா கட்டிக் கொடுத்தது. உறுதி அவட பேரில். பொம்பிளப் புள்ள இருந்திருந்தா வீடு அவளுக்குப் போயிருக்கும். இல்லாததால், வித்துப் பிரிப்போம் எண்டு மகன்மார் நிக்கிறாங்க. கடைசிக் காட்சியில் அவ நொத்தாரிசுக்கு முன்னால் பேனையோட இருக்கிறா. கையெழுத்து வைப்பாவா, மாட்டாவா?

கையெழுத்து வைக்கப் பேர் வேணுமே!

முதலில் மேசைக்கு வந்த பேர் நிலா. அழகான பேர்தான். இப்ப வாற கதைகளில் நிலாக்களுக்குக் குறைவில்லை. ஆனா அறுபது வருசத்துக்கு முன்னால் மருதமுனையில் எந்த வாப்பாவும் மகளுக்கு நிலா எண்டு பேர் வைச்சிருக்க மாட்டார். தமிழ்ச் சொல் எங்கட பேர்களுக்குள் வராது எண்டில்லை. முத்துமீரான், சின்னத்தம்பி, ஆதங்கண்டு எல்லாம் எங்கட பழைய பேர்கள்தானே. முத்துவும் தம்பியும் எங்க இருந்து வந்தன? நிலா விலகினது காலத்தால்.

அடுத்தது ரிஃப்னா, ஷிஃப்னா வகை. அது எங்கட வயசுப் பேர். அறுபது வயசுப் பெண்ணுக்கு வைச்சா எங்கட தங்கச்சிட பேரைக் களவெடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும். பாத்திமா? வகுப்பு இடாப்பைத் திறந்தா பாதிப் புள்ளைகள் பாத்திமாதான். அதனாலேயே அந்தப் பேரை யாரும் கூப்பிடுறதில்லை. அது முன்னெழுத்தில் ஒரு ‘எஃப்’ ஆகச் சுருங்கி இருந்துகொள்ளும்.

எங்கட கரையில் பேர் என்பது முகவரியும்தான். மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் பஸ்ஸில் போங்க. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எண்டு முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் கலந்து கலந்து வரும். ஒரு பேரைக் கேட்டா அந்த ஆள் எந்த ஹோல்ட்டில் இறங்குவார் எண்டு எங்கட ஆக்கள் சொல்லிருவாங்க. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினவங்களுக்கு இது விளையாட்டுப் பேச்சாக இருக்கல்ல.

ஆனா பேர் கேக்கிறவர் காதிலும் மாறும். 2014இல் மார்வெல் தனித் தொடர் கொடுத்த கமலா கானை எடுங்க. எங்கட காதுக்குக் கமலா எண்டா தாமரை, காரைதீவில் இறங்குற பிள்ளை. அந்தப் பாகிஸ்தானியக் குடும்பத்துக்கு அது ‘கமால்’ எண்ட சொல்லில் இருந்து வந்த பேர். எழுத்து ஒண்டு, வேர் ரெண்டு.

காரைதீவைச் சொன்னதும் இன்னொண்டு ஞாபகம் வருது. தமிழில் மிகப் பழைய கதாநாயகிகளில் ஒருத்தி கண்ணகி. காப்பியத்தில் அவ கண்ணகி, எங்கட கரைக்கு வந்ததும் கண்ணகை அம்மன். காரைதீவில் அவட கோயில் இருக்குது. வைகாசி மாசச் சடங்கில் அவட கதையைப் பாடுறாங்க. ஒரு இலக்கியப் பாத்திரத்தின் பேரை ஊர் தன்ட வாய்க்கு ஏத்த மாதிரித் திருத்தி எடுத்து, அதுக்குப் பிறகு அந்தப் பேரையும் விட்டு ‘அம்மாள்’ எண்டு மட்டும் கூப்பிடத் தொடங்கினது. மரியாதை கூடக் கூடப் பேர் மறையும் போல.

எங்கட உம்மம்மாமாருக்கும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். எங்கட பாத்திரத்தின் வாழ்க்கையை வயசு வயசாப் பிரிச்சு, யார் அவவ என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க எண்டு எழுதிப் பாத்தோம். சின்ன வயசில் வாப்பாக்கு அவ ‘கிளி’. தம்பிமாருக்கு ‘ராத்தா’. கலியாணம் முடிச்ச பிறகு புருசனுக்கு ‘புள்ள’ அல்லது வெறும் ‘இஞ்ச’. மூத்தவன் பிறந்ததும் ஊருக்கு ‘றிஸ்வான்ட உம்மா’. ஹஜ்ஜுக்குப் போய் வந்தா ‘ஹாஜியானி’. அவ உழைச்ச காசில் கூரை மாத்தின வீடு ஊர் வாயில் ‘மாஸ்டர்ட வீடு’. எழுதி முடிச்சுப் பாத்தா, அந்தப் பட்டியலில் அவட பேர் ஒரு இடத்திலும் இல்லை.

கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களைத் திரட்டி ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ எண்டு அனார் ஒரு தொகுப்புக் கொண்டு வந்தார். அந்தப் பாடல் உலகத்திலும் பெண்கள் கிளி, மச்சி எண்டுதான் கூப்பிடப்படுறாங்க. அந்த அழைப்பில் நிறைய அன்பு இருக்குது, ஆனா ஆள் யாரெண்டு தெரியாது. சாய்ந்தமருதில் இருந்து எழுதுற அனார்ட சொந்தப் பேர் இஸ்ஸத் ரீஹானா. அனார் எண்டா மாதுளை. கவிதைக்கு வந்தபோது தனக்குத் தானே பேர் வைச்சுக்கொண்டவ எங்கட கரையிலேயே இருக்கிறா.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது பட்டப் பேரில்தான். பாத்திரம் கட்டையான ஆள். ஊரில் இப்படிப்பட்டவளுக்கு ‘கட்டச்சி’ எண்டு பேர் விழாமல் இருக்காது. ஒருத்தர் சொன்னார், “அதை எழுதினா நாமளும் சேர்ந்து கூப்பிட்ட மாதிரி ஆகும், வேணாம்.” மத்தவர் சொன்னார், “எழுதாட்டி ஊரை வெள்ளையடிச்ச மாதிரி ஆகும்.” ரெண்டிலும் நியாயம் இருந்தது. நிறம், உயரம், பல், நடை எண்டு பெண்களுக்கு விழுற பட்டங்கள் கலியாணப் பேச்சு வரைக்கும் பின்னால் வரும். அதை மறைச்சா கதை பொய். அதை ரசிச்சா கதை கெட்டது.

இன்னொரு பயமும் இருந்தது. எங்கட ஊர்களில் சில பட்டப் பேர்கள் பரம்பரையா வாறது. வாப்பாக்கு விழுந்தது பேரன் வரைக்கும் ஒட்டியிருக்கும். அப்படி ஒண்டை எடுத்துக் கதையில் வைச்சா, வாசிக்கிறவர் நேரா ஒரு வீட்டு வாசலைக் காட்டுவார். கற்பனைப் பெண்ணுக்காக உண்மையான ஒரு குடும்பம் வெக்கப்படக் கூடாது. அதனால் ஒரு முடிவு எடுத்தோம். குடும்பப் பட்டம் எதுவும் வராது. ‘கட்டச்சி’ வரும், ஆனா வசனத்தில் மட்டும், அதைச் சொல்ற ஆளுடைய வாயில் மட்டும். கதை சொல்ற குரல் ஒரு தரம் கூட அதைச் சொல்லாது.

அப்ப கதை சொல்ற குரல் அவவ என்னவெண்டு சொல்லும்? சைனம்பு.

ஸைனப் எண்ட அரபுப் பேர் எங்கட பெரியாக்கள் வாயில் உருண்டு சைனம்பு ஆனது. ‘ஸைனப்’ எண்டே எழுதுவோமே, சரியான உச்சரிப்பு எண்டு ஒரு யோசனை வந்தது. அப்பதான் பஷீர் ஞாபகத்துக்கு வந்தார். 1959இல் வந்த அவருடைய நாவலில் ஆடு வைச்சிருக்கிறவ பாத்தும்மா. பாத்திமா எண்டு திருத்தி எழுதியிருந்தா அந்த வீட்டின் சத்தமே போயிருக்கும். சைனம்பு எண்ட பேரிலும் ஒரு வீட்டின் சத்தம் இருக்குது.

அந்த உச்சரிப்புச் சிக்கலே கடைசிக் காட்சிக்கு உதவினது. பிறப்புப் பதிவில் ‘செயினம்பு’, அடையாள அட்டையில் ‘ஸைனம்பு’, உறுதியில் ‘சைனம்பு உம்மா’. மூணும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சுக் கொண்டு வரச் சொல்றார் நொத்தாரிசு. இது நாங்கள் கற்பனையில் கட்டினதில்லை. எத்தனையோ உம்மாமார் இப்படி அலைஞ்சிருக்கிறாங்க. அறுபது வருசம் ஊர் கூப்பிடாத பேருக்கு, ‘அது நான்தான்’ எண்டு அவ சத்தியம் பண்ண வேணும்.

இதை வெறும் கடதாசிப் பிரச்சினையா எடுக்க ஏலாது. எங்கட கரையில் வீடு பெண்ணுக்குப் போறது பரம்பரை வழக்கம், குடியும் உம்மா வழிதான். ஆனா 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீடுகள் திருப்பிக் கட்டிக் கொடுக்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர்’ எண்ட கணக்கில் பல இடங்களில் ஆம்பிளைகள் பேரில்தான் பத்திரங்கள் போயின. கடல் எடுத்தது அவட வீட்டை. திருப்பி வந்த வீட்டுக் கடதாசியில் அவட பேர் இல்லை. சைனம்புட வீடு கடல் எட்டாத பக்கத்தில் இருந்ததால் பழைய உறுதி அப்படியே இருக்குது. கதையில் அவட பேர் முழுசாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

இல்லை, இன்னொரு இடமும் இருக்குது. பள்ளி ஒலிபெருக்கியில் வாற ஜனாஸா அறிவித்தல். இன்னாருடைய மனைவியும், இன்னார் இன்னாருடைய தாயாருமான எண்டு நீண்டு போற வரியில் ஒரு பேர் வரும். “யாரு அது?” எண்டு பக்கத்து வீடே கேக்கும். ஒரு பெண்ட பேரை ஊர் முழுக்கக் கேக்கிறதுக்கு அவ மௌத்தாக வேண்டியிருக்குது. அதுக்கு முன்னால் ஒரு தரமாவது கேக்கட்டும் எண்டுதான், கதையின் முதல் சொல்லாகவே சைனம்புவை வைச்சிருக்கிறோம். றிஸ்வான் ‘சைனம்புட மகன்’ எண்டுதான் கதைக்குள் வருவான்.

அடுத்த மாசம் கதை வரும். வாசிச்சிட்டு, “இது எங்கட மாமியையா எழுதியிருக்கீங்க?” எண்டு யாராவது கேட்டா, நாங்கள் இன்னும் கவனமா இருந்திருக்க வேணும் எண்டு அர்த்தம். “அவ நொத்தாரிசுக்கிட்டச் செய்தது சரியா?” எண்டு கேட்டா, பேர் சரியாத்தான் பொருந்தியிருக்குது.