வாடகை வீடும் தரகரும்

நாம் பிறந்தது தோட்டத்து லயத்தில். லயத்து வீடு வேலையோடு வரும். வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட நமக்குப் போர்ட் கிள்ளானில், பண்டமாரான் பக்கம், ஒரு சிறு வீடு சொந்தமாகி, நாம் வேறிடம் குடிபோக நேர்ந்தமையால் அதை வாடகைக்கு விடும் நிலையும் வந்தபோது, ‘வீட்டுக்காரர்’ என்று பிறர் அழைத்தது காதுக்கு இனிமையாகவே இருந்தது. அவ்வினிமைக்கு நாம் கொடுத்த விலை ஏழு மாத வாடகை.

தரகர் வேண்டுமா என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். தரகரென்றாலே நம் ஜனங்களுக்கு ஒரு கசப்புண்டு. அது காரணமில்லாத கசப்புமன்று. நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய கங்காணி ஆளொன்றுக்கு இவ்வளவென்று தரகு பெற்றான். தோட்டத்திலும் அவர்கள் வேலைக்கு இறங்கிய நாளெல்லாம் தலைக்குக் காசு வாங்கினான். 1938-இல் அந்த ஆள்சேர்ப்பு நின்றும், நடுவிலிருப்பவன் இருபுறமும் உண்பான் என்ற எண்ணம் நம்மிடையே நிற்கவில்லை. ஆகையால் தெரிந்த ஒருவருக்கே, வாய்ச்சொல்லை நம்பி வீட்டைக் கொடுத்தோம். பத்திரம் கேட்பது அவரை அவமதிப்பதாகுமென்று கூசினோம். மூன்றாம் மாதம் முதல் வாடகை வரவில்லை. கேட்கப் போனால் தேநீர் கொடுத்து உபசரித்தார். அதைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

பூட்டை மாற்று, மின்சாரத்தை வெட்டு என்று நண்பர்கள் யோசனை கூறினர். நல்லவேளையாக நாம் அதைச் செய்யவில்லை. நீதிமன்ற உத்தரவின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றலாகாதென்று 1950-ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டம் தடுக்கிறது. பாக்கிக்காகக் குடியிருப்பவரின் பொருள்களை நீதிமன்றத்தின் மூலம் கைப்பற்ற 1951-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி விடுகிறது. அதுவும் பன்னிரண்டு மாதப் பாக்கிக்கு மேல் செல்லாது. ஆனால் நம்மிடம் காட்டுவதற்குக் காகிதமே இல்லையே! வாடகைப் பத்திரம் எழுதி முத்திரை வரி செலுத்தியிராவிட்டால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்பதில்லை. மாதம் 1,200 வெள்ளிக்கு ஓராண்டுப் பத்திரமெழுதினால் இப்போதைய வரி 58 வெள்ளி. அந்த 58 வெள்ளியில் மிச்சம் பிடித்து 8,400 வெள்ளியை இழந்தவர் நாமே.

நிற்க. இரண்டாம் முறை தரகரிடம் போனோம். முதன்முதல் வீடு வாடகைக்கு விடுவோர் அவ்வாறே செய்யலாமென்பது இப்போது நமது அபிப்பிராயம். ஆனால் யாரிடம்? சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ‘ஆள் இருக்கிறது’ என்போரிடமன்று. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாமல் இத்தொழில் செய்வோருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டின் கீழ் வேலை செய்பவர் சிவப்பு அட்டை வைத்திருப்பார். அதைக் காட்டச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்றாண்டுக்கு உட்பட்ட வாடகைக்கு ஒன்றேகால் மாத வாடகை வரை தரகு போகும். அதற்காக அவர் ஆளைத் தேடுகிறார், பத்திரம் எழுதுவிக்கிறார், முத்திரைக்கு அனுப்புகிறார், நாம் கூசிக் கேளாத முன்பணத்தைக் கூசாமல் கேட்டு வாங்குகிறார். அம்மட்டே. மாதந்தோறும் வாடகை வசூலிப்பதும் ஒழுகும் கூரையைப் பார்ப்பதும், தனியே பேசிக்கொண்டாலன்றி, அவர் கடமையல்ல. ஆண்டு முழுதும் அவர் காவலிருப்பாரென்று நினைத்து ஏமாறுவோர் பலர்.

நாம் போன தரகர் நல்ல பிள்ளை. குறிப்புப் புத்தகத்தை விரித்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, “எந்த இனத்தார் வேண்டும், ஐயா?” என்பது.

நமக்குப் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. வாலிபத்தில் கோலாலம்பூரில் அறை தேடி அலைந்தோம். நமது பெயரைக் கேட்டதும் ‘ஆள் வந்துவிட்டது’ என்று தொலைபேசியை வைத்தவர்கள் அநேகர். ‘இந்தியர் வேண்டாம்’ என்று விளம்பரத்திலேயே எழுதியவர்களுமுண்டு. சரி, நம்மவரிடமே போவோமென்று பிரிக்பீல்ட்ஸ் சென்றால், அங்கே ஒரு வீட்டம்மாள் அன்போடு உட்காரவைத்து, “ஊரில் நீங்கள் என்ன ஆளுங்க?” என்றார். முந்தியவர்கள் கதவைத் திறக்கவில்லை. இவர் திறந்து வைத்துக்கொண்டு மறுத்தார். எது அதிகம் வலித்ததென்று சொல்லவும் வேண்டுமா?

நமது முதற்குடியிருப்பாளரும் நம்மவர்தாம், நமக்குத் தெரிந்தவர்தாம் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. இனம் பார்த்து வாடகை வருமானால் அவரிடமன்றோ முதலில் வந்திருக்க வேண்டும்!

“அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள், தம்பி. சம்பளச் சீட்டைப் பாருங்கள், முன்பிருந்த வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள், வருகிறவரை நாமும் ஒருமுறை நேரில் பார்க்கிறோம்” என்றோம். அவர் தயங்கி, விளம்பரம் தாமதமாகுமே என்றார். ஆகட்டுமென்றோம். ஒரு மாதம் வீடு பூட்டியே கிடந்தது.

பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் மனைவி மக்களோடு வந்தார். நான்கு இடங்களில் இல்லையென்று சொல்லக் கேட்டு ஐந்தாவதாக வந்தவர். பத்திரத்தில் கையெழுத்தானபின் அவ்வம்மாள், “எங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லையே, ஐயா?” என்றார். எதைப் பற்றியென்று நமக்கு விளங்கிற்று. சமையலறைக் குழாய் சற்றே ஒழுகும், சனிக்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தோம்.