கப்பல் காத்திருக்காது



நம் சபையில் இரண்டு குடும்பத்தார் அடுத்த ஆண்டு மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் செல்ல ஆயத்தமாகி வருகிறார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஒரே பகலில், நாங்களாகவே கார் ஓட்டிக்கொண்டு கொரிந்துவுக்குப் போய் வந்ததை எப்படி ஒழுங்கு செய்தோம் என்று ஆராதனை முடிந்ததும் என்னிடம் கேட்டார்கள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடியதாக அது இல்லை. ஆகவே இந்த வாரம் அதையே எழுதுகிறேன். எங்கும் செல்லாதவர்களும் வாசியுங்கள். நம் வேதாகமத்தில் இரண்டு நிருபங்களைப் பெற்ற ஊருக்கல்லவா இந்தப் பாதை போகிறது!

எங்கள் முப்பதாவது திருமண ஆண்டை முன்னிட்டுப் பிள்ளைகள் கொடுத்த பயணம் அது. கப்பல் நிற்கும் இடங்களில் ஒன்று பிரேயுஸ், அதாவது ஏதென்ஸ் நகரின் துறைமுகம். காலை 7 மணிக்குக் கப்பல் கரை சேரும், மாலை 6 மணிக்குப் புறப்படும், 5.30க்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும். பெரும்பாலோர் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் மேற்கே 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள கொரிந்துவைத் தெரிந்துகொண்டோம்.

இவ்வளவு கணக்குப் பார்த்துத் திட்டமிடுவது விசுவாசத்திற்கு ஏற்றதா என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். நாளைக்கு நடப்பதை அறியாத நாம், கர்த்தருக்குச் சித்தமானால் செய்வோம் என்று சொல்லவேண்டும் என யாக்கோபு எழுதியதை அவர் நினைவூட்டினார். நல்ல கேள்விதான். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மக்கெதோனியா வழியாக வருவேன், குளிர்காலத்தை உங்களோடு கழித்தாலும் கழிப்பேன், பெந்தெகொஸ்தே வரை எபேசுவில் இருப்பேன் என்று பவுல் பயண ஒழுங்கையே எழுதி அனுப்புகிறார். அதன் நடுவிலே, கர்த்தர் அனுமதித்தால் என்ற சொல்லும் இருக்கிறது. பின்பு அந்தத் திட்டம் மாறியபோது கொரிந்து சபையார் மனத்தாங்கல் கொண்டதையும், அவர் விளக்கம் சொல்ல வேண்டி வந்ததையும் இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திட்டமிடுவதும் தேவ சித்தத்திற்குக் காத்திருப்பதும் ஒரே கடிதத்தில் சண்டையின்றி வாழ்கின்றன.

இனி நடைமுறைக்கு வருவோம். இப்படிப்பட்ட பயணத்தைக் காலையிலிருந்து அல்ல, மாலையிலிருந்து திட்டமிடுங்கள். கப்பல் நிறுவனம் தானே நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை உங்கள் சொந்தச் செலவில் போய்ச் சேரவேண்டும். ஆகவே நான் தாளின் அடியில் 5.30 என்று எழுதி மேல்நோக்கிக் கணக்கிட்டேன். 4 மணிக்குக் காரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மாலையில் ஏதென்ஸை நெருங்கும்போது நெரிசல் இருக்கும் என்பதால் கடைசி இடத்திலிருந்து 2 மணிக்கே புறப்படவேண்டும். மிஞ்சும் ஒன்றரை மணி நேரத்தை எதற்கும் செலவிடாமல் கையிருப்பாக வைத்தேன். டயர் பஞ்சராகலாம், வழி தப்பலாம், ஒருவருக்கு மயக்கம் வரலாம். காலையில் கப்பலிலிருந்து இறங்கவும் காரைப் பெறவும் 8.30 ஆகிவிடும். அப்படியானால் உண்மையில் நம் கையில் இருப்பது ஐந்தரை மணி நேரமே. அதில் போகிற நேரமும் அடக்கம். பதினோரு மணி நேர நிறுத்தம் என்று பயணச்சீட்டில் பார்த்து மகிழ்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

தாள்களைக் குறித்தும் சொல்லவேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்; அது ஓராண்டுக்குச் செல்லும். கப்பல் இடையில் துருக்கிக்குப் போய் மீண்டும் கிரேக்கத்துக்கு வருமானால், ஷெங்கன் விசா ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்கட்டும். கியரில்லாத கார் வேண்டுமானால் வெகு நாட்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். கப்பலில் தினமும் தரும் செய்தித்தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்திற்கே வைத்துக்கொள்ளுங்கள், கரையின் நேரம் எதுவாயினும். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டவேண்டும். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகளாக அப்படி ஓட்டிப் பழகிய எங்கள் மூத்த மகன் ஓட்டியதால்தான் நான் இதற்கு உடன்பட்டேன். இடப்புறம் மட்டுமே ஓட்டிய ஒருவர் விடுமுறைப் பயணத்தின் நடுவில் இதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பிரேயுஸை விட்டு வெளியேறும் பாதை அழகானதல்ல. எலெஃப்சினா வரை கிடங்குகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும்தான். இடப்புறத்தில் சாலமிஸ் தீவு தெரிகிறது, கி.மு. 480இல் பாரசீகரின் கப்பற்படை தோற்ற நீர்ப்பரப்பு அது. மெகாராவைத் தாண்டியதும் மலை திடீரெனக் கடலோரம் வந்து நிற்கிறது. காக்கியா ஸ்காலா, கெட்ட படிக்கட்டு, என்று அந்த இடத்துக்குப் பெயர். இன்று சுரங்கப் பாதைகளின் வழியே நெடுஞ்சாலை சுகமாகச் செல்கிறது. முற்காலத்தில் ஸ்கிரோன் என்ற கொள்ளைக்காரன் அங்கே உட்கார்ந்து, வழிப்போக்கரைத் தன் கால்களைக் கழுவச் சொல்வானாம். அவர்கள் குனிந்ததும் உதைத்துக் கடலில் தள்ளுவானாம். கிரேக்கப் பழங்கதைதான். ஆனாலும் கால் கழுவுவதைப் பற்றி நாம் அறிந்த வேறொரு இரவை நினைக்காமல் அந்த வளைவைக் கடக்க என்னால் இயலவில்லை. சுங்கச்சாவடிகளுக்குச் சில்லறை யூரோக்களை வைத்திருங்கள். நேரமுள்ளவர்கள் கினெட்டா வழியாகக் கடலை ஒட்டிச் செல்லும் பழைய சாலையில் போகலாம்.

கொரிந்துக் கால்வாயை அடைந்தபோது 9.45. பழைய பாலத்தின் நடைபாதையில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும். ஏறத்தாழ 80 மீட்டர் உயரமான செங்குத்துச் சுவர்கள். அடியில் நீலநிற நாடாவைப்போல் தண்ணீர். 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள இக்கால்வாய் 1893இல் திறக்கப்பட்டது. அகலம் சுமார் 25 மீட்டர்தான்; நாங்கள் வந்த கப்பலைப் போன்றவை இதற்குள் நுழையவே முடியாது. கி.பி. 67இல் இராயனாகிய நீரோ இதே இடத்தில் வெட்டத் தொடங்கினான். கலிலேயாவில் சிறைபிடிக்கப்பட்ட 6,000 யூத இளைஞர்கள் இந்த வேலைக்கு அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். கலிலேயாக் கடலோரத்துப் பிள்ளைகள்! படம் எடுக்க நிற்கும் கூட்டத்தில் இதை நினைப்பவர் எத்தனை பேரோ. எங்கள் மகன் அதைக் கேட்டபின் கைபேசியைப் பையில் வைத்துவிட்டான்.

அடுத்தது பழைய கொரிந்து. 1858இல் நிலநடுக்கத்தால் இடிந்த ஊரை மக்கள் கடலோரத்தில் புதிதாகக் கட்டினார்கள். பழைய இடம் இன்று சிறு கிராமம். அதன் நடுவே அகழ்வாய்வுக் களம். அப்பொல்லோ கோயிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன. சந்தைவெளியின் ஓரத்தில் கல்மேடை ஒன்று உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் கல்லியோன் வீற்றிருந்த நியாயாசனம் அதுவே என்கிறார்கள். டெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றினால் அவன் அதிபதியாயிருந்த காலம் கி.பி. 51–52 அளவில் எனக் கணிக்கப்படுகிறது. பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டு குறிப்பதற்கு நமக்குள்ள உறுதியான ஆதாரங்களில் அது ஒன்று. மேடை எளியது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் துணி தைத்த ஒரு மனிதன், தான் வாய் திறக்குமுன்னே வழக்குத் தள்ளப்பட்டதைக் கண்டு அங்கிருந்து இறங்கிப் போயிருப்பான். இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அருங்காட்சியகமும் உள்ளேயே இருக்கிறது. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் தேவை.

அந்தக் களத்தின் எந்த மூலையில் நின்றாலும் தலைக்குமேல் தெரிவது அக்ரோகொரிந்து. 575 மீட்டர் உயரப் பாறையின்மேல் கோட்டை. வேதாகமப் படப்புத்தகங்களில் சிறுவயது முதல் நான் பார்த்து வந்த மலை. வாசல்வரை கார் போகும். அதற்குமேல் வழுக்கும் கற்களின்மேல் ஏறவேண்டும். என் மனைவிக்கு அதற்கு முந்தின ஆண்டுதான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்த இரவில் அவள் சொன்னாள்: "நீங்கள் போய்ப் பார்த்து வாருங்கள். நான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன்."

ஊழியக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாக்கியம் மிகப் பழக்கமானது. மருத்துவமனை வாசல்களில், துக்க வீட்டுத் தெருக்களில், கமிட்டி நடக்கும் அறைக்கு வெளியே, உங்களில் பலர் அவளை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கப் பார்த்திருக்கிறீர்கள். மகன் என்னைப் பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. ஏசா தன்னோடு சேர்ந்து நடக்கும்படி அழைத்தபோது, பிள்ளைகள் இளமையானவர்கள், மந்தையில் கறவைகள் உண்டு, அவற்றின் நடைக்குத் தக்கதாகவே நான் மெதுவாய் வருவேன் என்று யாக்கோபு சொன்ன பதிலை நான் எத்தனையோ திருமணங்களில் பிரசங்கித்திருக்கிறேன். பேனாவை எடுத்து அக்ரோகொரிந்துவை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கெங்கிரேயா என்று எழுதினேன். "உங்களுக்கு ஏமாற்றமில்லையா?" என்று கேட்டாள். இருந்தது, இருக்கிறது என்றே சொன்னேன். ஆனாலும் அந்த மாற்றத்தை நான் விரும்பியே செய்தேன்.

கெங்கிரேயா, கொரிந்துவின் கிழக்குத் துறைமுகம். பவுல் பொருத்தனையினிமித்தம் தலைச்சவரம் பண்ணிக்கொண்டு சீரியாவுக்குக் கப்பலேறினது இங்கேதான். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவர் பரிந்துரைக்கும் பெபேயாள் இவ்வூர்ச் சபையின் ஊழியக்காரி. அந்த நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவள் அவளே என்று பலர் கருதுகிறார்கள். சாலையிலிருந்து சில எட்டு நடந்தால் கடற்கரை. பழைய துறைமுகத்தின் சுவர்களும், பிற்காலத்து ஆலயம் ஒன்றின் அடித்தளமும் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் தெரிகின்றன. அகழ்ந்தபோது, பெட்டிகளில் அடுக்கி வைத்தபடியே கண்ணாடிச் சித்திரப் பலகைகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தனவாம். சுவரில் பதிக்கப்படுமுன்னே நிலநடுக்கம் வந்து கடல் அவற்றை மூடிவிட்டது. அவை இப்போது அருகிலுள்ள இஸ்த்மியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்கள் கணக்கில் அதற்கு இடமில்லை.

என் மனைவி செருப்பைக் கழற்றி, ஒரு கல்லின்மேல் அமர்ந்து, கால்களைத் தண்ணீரில் வைத்தாள். வண்டியில் உட்கார்ந்திருந்தவன் மகன். முக்கால் மணி நேரம் நாங்கள் அதிகம் பேசவில்லை. பெபேயாளைப்பற்றி மட்டும் கேட்டாள்: "அவள் தனியாகவா ரோமாபுரிவரை போனாள்?" அதைப்பற்றி எழுதப்படவில்லை என்றேன். "போகிறவளுக்கு உதவுங்கள் என்று எழுதியிருக்கிறாரே, அது போதும்," என்றாள்.

2 மணிக்கு மகன் ஹார்ன் அடித்தான். எலெஃப்சினாவுக்கு அப்பால் நாங்கள் எதிர்பார்த்தபடியே லாரிகளின் வரிசை. அங்கே இருபது நிமிடம் போயிற்று. பெட்ரோலை நிரப்பிக் காரை ஒப்படைத்தபோது மணி 4.15. பயணம் போகும் அந்த இரு குடும்பத்தாருக்கும் நான் குறித்த நேரத்தாளின் பிரதியை எடுத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம். அதில் அடித்திருக்கும் வரி அக்ரோகொரிந்து. முழங்கால் நன்றாயிருப்பவர்கள் அதை மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே என்ன தெரிகிறது என்று வந்து எனக்குச் சொல்லுங்கள்.