விமானத்துக்கும் ஜெக் வேண்டும்



சின்ன விமானத்துக்கும் டயரில் காற்றுப் போகும். பிரேக் தேயும், சில்லுக்குள் கிறீஸ் காயும். அதையும் யாரோ ஒருவர் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். உயர்தரத் தொழினுட்ப வகுப்பில் ஹைட்ரோலிக் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்கும் வரைக்கும் நாங்கள் யாரும் இதை யோசித்ததில்லை.

“சேர், பிளேனுக்குச் செசி இல்லையே. ஜெக்க எங்க வெக்கிற?”

நல்ல கேள்வி. வேனுக்கு அடியில் எங்கே வைத்தாலும் ஏதோ ஓர் இரும்பு அகப்படும். சின்ன விமானத்தின் தோலோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அலுமினியத் தகடு. ஜெக்கைத் தப்பான இடத்தில் வைத்து நாலு தரம் அடித்தால் விமானம் எழும்பாது, ஜெக்தான் உள்ளே போகும். எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. பௌதிகவியல் சேரையும் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளும் நாங்களுமாக ஒரு கிழமை தேடினோம். தேடியது விமானத்தைப் பற்றி. ஆனால் அது கடைசியில் எங்கள் ஊர்க் கராஜில் வந்து நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். இரத்மலானையில் பயிற்சிக்குப் பறக்கும் செஸ்னா வகை விமானங்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். செஸ்னா 172 என்பது நாலு பேர் இருக்கும் விமானம். 1956 இலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆளும் எண்ணெயும் ஏறாமல் அதன் எடை ஏறத்தாழ 750 கிலோ, அதாவது ஓர் ஆல்டோ காருக்குக் கிட்டத்தட்டச் சமம். நம்மூர்க் கடையில் தொங்கும் இரண்டு தொன் போத்தல் ஜெக்குக்கு அது ஒரு பாரமே இல்லை.

ஏன் பாரம் இல்லை என்பது பஸ்கால் சொன்ன விஷயம். அடைத்து வைத்த எண்ணெயில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போகும். அதை வைத்து ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795 இல் அமுக்கி இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் எடுத்தார். இன்றைய போத்தல் ஜெக் அதன் பேரப்பிள்ளைதான். உதாரணத்துக்குச் சின்ன முசலம் 1 சென்ரிமீற்றர் விட்டம், பெரியது 3 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பரப்பளவு 9 மடங்கு. கைபிடி ஒரு நெம்பாக இன்னும் 15 மடங்கு கூட்டித் தருகிறது. மொத்தம் 135. உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், 10 கிலோ அளவுக்குக் கையால் அமுக்கினால் 1350 கிலோ எழும்பும். பத்து வயதுப் பிள்ளையும் விமானம் தூக்கலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? உயரத்திலும் சாய்விலும்.

செஸ்னாவின் பின்சில்லுகள் இரண்டும் வில் போன்ற உருக்குக் கால்களில் நிற்கின்றன. விமானத்தின் பாரத்தில் அந்தக் கால்கள் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். ஒரு காலுக்கு அடியில் ஜெக்கை வைத்துத் தூக்கத் தொடங்கியதும் பாரம் குறைந்து கால் உள்ளே சுருங்கும். சுருங்கும்போது ஜெக்கின் தலையையும் தன்னோடு இழுக்கும். ஜெக் நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் அடித்துக்கொண்டிருப்பீர்கள், அது மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும். முன்சில்லைத் தூக்குவது இதைவிட இலேசு. வாலைப் பாரம் வைத்துக் கீழே இழுத்துக் கட்டினால் மூக்குத் தானாக மேலே வரும். பௌதிகவியல் சேருக்கு இதில்தான் கூடுதல் சந்தோசம்.

பைப்பர் போன்ற, இறக்கை கீழே இருக்கும் விமானங்களில் இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஜெக் வைப்பதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக உயர்த்த வேண்டும். மூக்குப் பக்கம் பாரம் கூட என்பதால் வாலில் நூறு கிலோ அளவுக்கு எடை கட்டாவிட்டால் மூக்குக் குத்திவிடும். சில்லை உள்ளே மடக்கும் விமானம் என்றால் இன்னும் வேலை இருக்கிறது. மூன்று சில்லும் நிலத்தை விட்டு எழும்பி நிற்க, உள்ளே ஒருவர் இருந்து சில்லை மடக்கி விரித்துச் சோதிப்பார். அந்த நேரம் முழுக்க விமானம் நிற்பது ஜெக்குகளின் தயவில்.

விமானம் வைத்திருப்பவன் பணக்காரன்தானே, வாங்கினால் என்ன என்று நாங்களும்தான் நினைத்தோம். அமெரிக்காவில் அப்படி இல்லையாம். பழைய விமானம் ஒன்றை நாலைந்து பேர் பங்குபோட்டு வைத்திருப்பார்கள். வாடகைக்கு ஓட்டாத சொந்த விமானத்தின் டயரை உரிமம் உள்ள விமானியே மாற்றிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. விமானத்துக்கென்றே விற்கும் நல்ல ஜெக் ஒரு சோடி பல நூறு டொலர். வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் எடுக்கும் சாமானுக்கு அது கூடத்தான். அதனால் வீட்டிலேயே செய்கிறார்கள். விமானத்தையே வீட்டுக் கராஜில் கட்டி முடிப்பவர்களுக்கு 1953 இலிருந்து ஒரு சங்கம் இருக்கும் நாடு அது. ஜெக் செய்வது அவர்களுக்குப் பெரிய காரியம் இல்லை.

இரும்புக் குழாயில் ஒரு முக்காலி, நடுவில் நீளமாக எழும்பும் போத்தல் ஜெக். வாலுக்குக் கொங்கிறீற் நிரப்பிய வாளி, அதில் ஒரு வளையம். அவ்வளவுதான் சாமான். ஏன் மூன்று கால்? நம் உம்மாமாரின் மூன்று கல் அடுப்பைப் பாருங்கள். நிலம் எப்படி இருந்தாலும் மூன்று கல் ஆடாது, நாலாவது கல் வந்தால்தான் ஆட்டம். கால்கள் விலகாமல் அடியில் குறுக்குச் சட்டம் வேண்டும். உயரம் கூடக் கூட அடி அகலமாக வேண்டும். ஒரே குழாயை இரண்டு மடங்கு நீளமாக்கினால் வளையாமல் தாங்கும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும், பாதியாக அல்ல. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. நல்ல ஜெக் எதிலும் மேலே எழும்பும் தண்டைச் சுற்றிப் புரி வெட்டி ஒரு பெரிய நட்டுப் போட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் துளையில் ஒரு பின் செருகுகிறார்கள். தூக்கி முடிந்ததும் அந்த நட்டைக் கீழே இறுக்கிவிட வேண்டும். அதன் பிறகு விமானம் நிற்பது எண்ணெயில் அல்ல, இரும்பில். உள்ளே ஒரு ரப்பர் வளையம் கிழிந்தாலும், வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும், விமானம் அசையாது. எவ்வளவு மலிவாகச் செய்தாலும் இந்த ஒன்றில் மட்டும் யாரும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

இதைப் படித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். எங்களிடம் சாதாரண தரம் வரைக்கும் படித்துவிட்டுக் கராஜுக்குப் போன பிள்ளை. போன வருசம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஜெக் இறங்கியது. கழற்றிய சில்லைச் செசிக்கு அடியில் தள்ளி வைப்பது அந்தக் கராஜ் பாஸின் பழக்கம். வேன் சில்லில் வந்து இருந்தது. காறை எலும்பு உடைந்து மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் இருக்கிறது.

அந்த பாஸிடம் போய் விமானக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “ஜெக் தூக்கத்தான் சேர், தாங்க இல்ல. நான் பொடியன்மாருக்கு நெடுகச் சொல்ற. ஆனா தாங்குறதுக்கு என்னத்த வெக்கிற, கல்லத்தானே வெக்கிற” என்றார்.

கல் என்றால் துளை போட்ட சீமெந்துக் கல். நமதூரில் பாதிக் கராஜ்களில் இதுதான் ஸ்டாண்ட். மரம் முறிய முன் சத்தம் போடும், இரும்பு வளைந்து காட்டும். சீமெந்துக் கல் ஒன்றும் சொல்லாது, ஒரே நொடியில் தூளாகும். சில கராஜ்களில் எண்ணெய் குறைந்த ஜெக்குக்குப் பிரேக் எண்ணெய் ஊற்றுவதையும் பார்த்தோம். அது உள்ளே இருக்கும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ஜெக்குக்கு ஹைட்ரோலிக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அது ஒன்றும் பெரிய விலை இல்லை.

பிறகு நாங்கள் செய்தது சின்ன வேலை. விமான ஜெக்கின் முக்காலியையும் பின்னையும் எடுத்தோம், ஜெக்கை விட்டுவிட்டோம். பழைய இரும்புக் கடையில் தடித்த குழாய்த் துண்டுகள் கிடைத்தன. பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய் ஏறி இறங்கும், துளையில் உருக்குப் பின். தலையில் செசி வழுக்காமல் இருக்க ஒரு பள்ளம். பிள்ளைகள் அளந்து வெட்டினார்கள். வெல்டிங் முழுக்க இருபது வருசம் கேற் அடித்த கையால். அதில் பிள்ளைகளைத் தொட விடவில்லை, விடவும் மாட்டோம். ஒரு சோடிக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முதல் சோடியில் மணல் மூட்டை ஏற்றிய வேனை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஒவ்வொரு வெல்டிங்கையும் சோக்குத் தேய்த்துப் பார்த்தோம். ஒரு காலில் மயிரிழை தெரிந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தோம். “இது தாங்கும் சேர்” என்று சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். தாங்கியும் இருக்கலாம்.

இப்போது மூன்று சோடி இருக்கிறது. இரண்டு அந்தக் கராஜில், ஒன்று பாடசாலை வேலைத்தளத்தில். வேனும் காரும் மட்டும்தான், லொறிக்குக் கேட்டு வராதீர்கள், இது அதற்கு இல்லை. கராஜ் வைத்திருப்பவர்கள் அடுத்த சோடிகளுக்குப் பழைய குழாய் தந்தால் வெட்டித் தருவோம், வெல்டிங் கூலி மட்டும் உங்களுடையது. துருப்பிடித்த குழாய் வேண்டாம். வெள்ளிக்கிழமை தவிர மற்றப் பாடசாலை நாட்களில் இரண்டு மணிக்குப் பிறகு வேலைத்தளம் திறந்திருக்கும்.