தட்டிப் பார்த்து வாங்குகிறவர்

ரிச்சி தெருவில் 'அரை மணி நேரம் சார்' என்று சொல்லி லேப்டாப்பைப் பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால், அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் திரும்பாது. உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அம்மாவும் மகளும் உள்ளே வந்த விதத்திலேயே யார் ஆசைப்படுகிறவர், யார் பணம் கொடுக்கிறவர் என்று தெரிந்துவிட்டது. மகள் நேராகக் கண்ணாடி மேசைக்குப் போனாள். அம்மா கல்லாவில் பில் மெஷின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

விற்பனைப் பையன் கைதேர்ந்தவன். டேப்லெட்டை ஒற்றைக் கையால் தூக்கினான். கீழே கீபோர்டு அட்டை தொங்கியது. வெடுக்கென்று இழுத்தான். மறுபடி பக்கத்தில் கொண்டுபோனான். காந்தம் கவ்வி 'டக்' என்றது.

"இழுத்தா டேப், ஒட்டினா லேப்டாப். ஒரே பொருள், ரெண்டு வேலை மேடம்."

இந்த 'டக்'குக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2012இல் மைக்ரோசாஃப்ட் முதல் சர்ஃபேஸைக் கொண்டுவந்தபோது, விளம்பரப் படத்தில் ஆட்டக்காரர்கள் கூட்டமாக நின்று கீபோர்டை மாட்டுவதும் கழற்றுவதுமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை வைத்து என்ன வேலை செய்யலாம் என்பது அந்த ஆட்டத்தில் அதிகம் தெரியவில்லை. பையன் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வயதில்லை. தாளம் மட்டும் தப்பாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

"எங்க, இப்படிக் குடுங்க தம்பி" என்றார் அம்மா.

மோதிரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். மணிக்கட்டு மேசையில் படாமல் உயர்ந்தது. கண் சாவிகள் மேல் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்த ரவுட்டர் விளம்பரத்தின் மேல் இருந்தது. விரல்கள் ஓடத் தொடங்கின. கடையில் வேறு யாரும் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. பையன் 'டக்'கை மறந்துவிட்டான்.

"அம்மா டைப் இன்ஸ்டிடியூட் வெச்சிருக்காங்க, அரக்கோணத்துல" என்றாள் மகள், கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் சங்கடமுமாக.

டைப் பரீட்சையில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அந்தக் கணக்கில் பிள்ளைகளை உருவாக்குகிற கை அது. இரும்பு மெஷினில் சாவியை ஆழமாக அழுத்திப் பழகிய கைக்கு, ஒன்றரை மில்லிமீட்டர்கூட இறங்காத இந்தச் சாவி எங்கே காணும்? வேகம் கூடக் கூட அட்டையின் நடுப்பகுதி பள்ளமாகி எழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் திரை தலையாட்டியது.

"மேசை ஆடுதா, இது ஆடுதா?"

"இது லைட் வெயிட் மேடம். அதான்."

அம்மா பதில் சொல்லாமல் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். கருவியை மடியில் வைத்தார். பின்னால் இருக்கிற தாங்கு கால் புடவை மேல் நிற்காமல் வழுக்கியது. முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்ததும் நின்றது. இரண்டு வரி அடித்தார். திரை பின்பக்கமாகச் சாய, நானே கை நீட்டிப் பிடிக்கப் போய்விட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

"காலேஜ்ல டெஸ்க் இருக்கும் மேடம்."

"எலெக்ட்ரிக் டிரெயின்ல இருக்காதே" என்றாள் மகள். இதை அவள் அம்மாவுக்குச் சாதகமாகச் சொன்னாளா, தன்னையறியாமல் சொல்லிவிட்டாளா தெரியவில்லை. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பையன் மேல் தப்பில்லை. லேப்டாப்பில் பேட்டரி, போர்டு எல்லாம் சாவிகளுக்கு அடியில் கிடக்கும், மூடி லேசானது. இதில் மொத்தச் சரக்கும் திரைக்குப் பின்னால். கீபோர்டில் பேட்டரிகூடக் கிடையாது. ஓரத்தில் இருக்கிற சின்னப் பொன்னிறப் புள்ளிகள் வழியாக டேப்லெட்டிடமிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்கிறது. தலை கனத்து அடி லேசான பொருள் சாயத்தான் செய்யும். 2011இல் ஏசுஸ் தன் டிரான்ஸ்ஃபார்மருக்கு, உள்ளே பேட்டரி வைத்த கீபோர்டு கொடுத்துப் பார்த்தது. சார்ஜும் கூடுதலாக நின்றது, அடிக்கும் கொஞ்சம் கனம் கிடைத்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் சின்ன லேப்டாப்பின் எடை. அப்புறம் கழற்றுவானேன்?

பையன் அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். பேனா. மகள் வாங்கினாள். பிசியோதெரபி முதல் வருஷம் போலிருக்கிறது. தோள்பட்டை எலும்பு ஒன்றை வரைந்து, அதன் மேல் தசை நார்களைச் சிவப்பில் இழுத்தாள். கீபோர்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வரைந்தாள். உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு பிசகவில்லை. பையன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், அவள் காதில் விழவில்லை. அம்மா எலும்பைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "தமிழ் அடிக்கணும் தம்பி" என்றார்.

"எல்லா லாங்குவேஜும் வரும் மேடம்."

"வரும்னா, அடிச்சுக் காட்டுங்க."

பையன் கீபோர்டை மறுபடி மாட்டி, செட்டிங்ஸுக்குள் போனான். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக எழுந்தன. அம்மா இடது கை விரல்களைச் சாவிகள் மேல் வைத்தார். மெஷினில் அந்த இடம் ய, ள, ன, க. திரையில் விழுந்தது நான்கு ஆங்கில எழுத்து. பையன் மறுபடி உள்ளே போனான், வந்தான். மறுபடி ஆங்கிலம். "நெட்ல ஆப் டவுன்லோட் பண்ணிக்கலாம் மேடம்" என்றான்.

"எங்களுக்குப் பழைய டைப்ரைட்டர் முறை வேணும். ராத்திரி இவளும் நானும் ஜாப் டைப்பிங் பண்றோம், பத்திரம், தீசிஸ் எல்லாம். சிஸ்டத்துல என்.எச்.எம். ரைட்டர் போட்டிருக்கோம். அது இதுல ஓடுமா?"

கேள்வி சின்னதுதான். மெஷினில் 'கெ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. கணினியின் யூனிகோடு கணக்கில் க முதலில், கொம்பு பின்னால். இடையில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். என்.எச்.எம். ரைட்டர் அதைச் செய்கிறது, ஆனால் விண்டோஸில். மேசையில் இருந்தது ஆண்ட்ராய்டு.

"விண்டோஸ்லயும் இதே மாதிரி கழட்டுறது இருக்கு மேடம். தொண்ணூறுக்கு மேல ஆகும், கீபோர்டு தனி."

இந்தக் கேள்வியில் பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கிறது. முதல் சர்ஃபேஸில் இருந்தது விண்டோஸ் ஆர்.டி. பெயர்தான் விண்டோஸ், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற புரோகிராம்கள் அதில் ஓடாது. ஆட்டம் பாட்டமெல்லாம் முடிந்து 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 'நான் வைத்திருப்பது இதில் ஓடுமா' என்று கேட்கிற அரக்கோணத்து அம்மாக்கள் அந்த ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு வாய் வரை வந்தது. அதிகம் அடிக்கிறவர் லேப்டாப் வாங்க வேண்டும். அதிகம் படித்து, வரைகிறவர் இதை வாங்கலாம். இரண்டையும் ஒன்றில் தேடுகிறவருக்கு நல்ல டேப்லெட்டும் சுமாரான கீபோர்டும்தான் கிடைக்கும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்தவர் கடையில், அவர்கள் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வியாபாரத்தைக் கலைப்பது முறையில்லை. என் லேப்டாப் வேறு அவர்களிடம் திறந்து கிடந்தது.

அம்மாவுக்கு என் தயவு தேவைப்படவும் இல்லை.

"தனித்தனியா விலை சொல்லுங்க."

"டேப் 34,000. பேனா உள்ளேயே வரும். கீபோர்டு 11,000. காம்போவா எடுத்தா 43,000க்குப் பண்ணித் தரேன் மேடம்."

அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கீபோர்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் நகத்தால் சுரண்டினார். "இந்த மடிப்பு ஒரு வருஷம் தாங்குமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு மேசையில் வைத்தார்.

"இது வேணாம். டேப் மட்டும் போடுங்க."

"அம்மா, நோட்ஸ் டைப் பண்ண?"

"பேனாவுல எழுதுடி. அதுக்குத்தானே கேட்டே. அடிக்கணும்னா வீட்ல சிஸ்டம் இருக்கு. அந்த 11,000த்துல அதுக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டா ஓடாதா? மிச்சத்துக்கு உனக்கு சீசன் டிக்கெட்டே எடுத்துடலாம்."

மகள் மறுத்துப் பேசவில்லை. பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"எஸ்.எஸ்.டி. இங்க இருக்கா தம்பி?"

"நரசிங்கபுரம் தெருவுல பாருங்க மேடம், வரிசையா கடை இருக்கு" என்றான் பையன். காம்போ போன வருத்தம் குரலில் தெரிந்தாலும் வழியைச் சரியாகத்தான் சொன்னான்.

பில் அடிக்கும்போது அம்மா கல்லாவுக்கே போய் நின்றுகொண்டார். ஜி.எஸ்.டி. நம்பரைப் பார்த்தார், வாரண்டி எத்தனை வருஷம் என்று எழுத்தில் கேட்டார், பணத்தை இரண்டு தடவை எண்ணினார்.

"டெம்பர் கிளாஸ் ஒட்டிக் குடுத்துடுங்க. அதுக்குத் தனியா காசு கேக்கக் கூடாது."

"அது 600 ரூபா மேடம்."

"34,000 குடுத்திருக்கேன்ல? ஒட்டுங்க தம்பி, 3:20 வண்டியப் பிடிக்கணும்."