பிடி மா

எமது அயல் வீட்டில் வாழ்பவர் ஒரு கிறித்தவப் போதகர். நாமோ சைவர், பதுளையிலே ஒரு கல்லூரியில் ஆசிரியத் தொழில் பார்ப்பவர். பன்னிரண்டு ஆண்டுகளாக வேலியோரத்தில் நின்று மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியும் பேசியதுண்டு; சமயத்தைப் பற்றி வாதிட்டதில்லை.

சென்ற மாதம், பசறை வீதியிலுள்ள தோட்டமொன்றில் நடைபெறவிருந்த நன்றி ஆராதனைக்கு எம்மை அழைத்தார்.

"யாருக்கு நன்றி, ஐயா?" என்றோம்.

"கடவுளுக்கு என்றும் உண்டு. இம்முறை சபையாருக்கு" என்றார்.

மேய்ப்பன் மந்தைக்கு நன்றி கூறுவதா! எமது வியப்பைக் கண்டு நடந்ததைச் சொன்னார்.

2021-இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. தேயிலை வாடிக் கொழுந்து குறைந்தது. நெடுநாட் போராட்டத்தின் பின் அவ்வாண்டிலேதான் தொழிலாளர் 1,000 ரூபாய் நாட்சம்பளத்தைக் கண்டிருந்தனர். கொழுந்தில்லாதபோது வேலை நாளுக்கு எங்கே போவது? 2022-இலோ நாட்டிற் பெற்றோலுமில்லை, மண்ணெண்ணெயுமில்லை. லயத்து அடுப்புகளுக்கு ஆதாரமான கோதுமை மா யானை விலை விற்றது. போதகரின் மோட்டார்ச் சைக்கிள் தாழ்வாரத்திலே துருவேற, அவர் மலையேறி நடந்தே ஆராதனைக்குச் சென்றார். கனடாவிலுள்ள தம்பி, "வந்துவிடு அண்ணா" என்று அழைத்தான். பணி விலகற் கடிதமும் எழுதி, வேதாகமத்துள் வைத்துவிட்டார்.

அத்தகைய ஒரு ஞாயிறன்று, கொழுந்து பறிக்கும் மூதாட்டி ஒருத்தி பழைய பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கோதுமை மா.

உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்து வைப்பது திருநெல்வேலித் திருச்சபைகளின் பழைய வழக்கம். 1854-இல் இம்மலைநாட்டில் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' (பெயரைப் பாருங்கள்!) உபதேசியார்களைத் தருவித்ததும் அத்திருநெல்வேலியிலிருந்தே. லயத்தில் ரொட்டிதானே உணவு. ஆகவே பிடியரிசி பிடி மாவாயிற்று.

"யார் வீட்டு மா, அம்மா?" என்று கேட்டாராம்.

"எல்லா வீட்டு மாவுந்தாங்கய்யா. மாரியம்மன் கோயில்காரங்க வீட்டுதும் இருக்கு. ஐயருக்குப் பசிச்சா எந்தச் சாமிக்குங்க அழகு?"

பத்தொன்பது ஞாயிறுகள் அந்த டின் நிறைந்து வந்தது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே பேர் விழுந்த குடும்பங்கள் இட்ட மா அது.

இதைக் கேட்டபோது எமக்கு ஆயர் லியோ நாணாயக்காரவின் நினைவு வந்தது. கண்டியின் ஆயராயிருந்த அவர், 1972-இல் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்து, 1982-இல் மறையும்வரை இங்கேயே பணிபுரிந்தார். அதைச் சொன்னோம். போதகர் சிரித்தார்.

"அவர் எதைத் துறந்து வந்தார் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். இங்கே எதைப் பெற்றார் என்று யாராவது கேட்டார்களா?"

ஆராதனைக்குச் சென்றோம். தகரக் கூரையிட்ட சிற்றாலயம். பிரசங்கமென்று ஒன்றுமில்லை. விறகு சுமந்தவர், சைக்கிளைப் பழுது பார்த்தவர், மா இட்டவர் என ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்கினார். பின், தாம் ஓடிப்போக எண்ணியதையும் மறைக்காமற் சொன்னார். தொண்டை அடைத்தது.

முன்வரிசையிலிருந்த அம்மூதாட்டி எழுந்து, "தெரியுங்கய்யா. அதனாலதான் கொண்டாந்தோம்" என்றாள்.

திரும்பும் வழியில் நாம் அதிகம் பேசவில்லை. அதே 2022-இல் நாமும் விடியுமுன் வரிசையில் நின்று கடவுச்சீட்டு எடுத்தவரே. அது இன்னும் மேசையறையிற் கிடக்கிறது. போதகர் அதை அறியார். அவ்வாண்டில் எமது வகுப்பிற்கு, பஸ் ஓடாத நாட்களிலும் அத்தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் நான்கு மைல் நடந்து வந்தனர். அவர்களை வெறும் வகுப்பறையின் முன் நிறுத்தக் கூசியே நாம் அன்று போகாதிருந்தோம். அவர்களிடம் இதுவரை ஒரு சொல்லும் கூறியதில்லை.

நால்வருள் ஒருத்தி இப்போது தாதியர் பயிற்சி பெறுகிறாளாம். முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.